கடம்பா வயித்துக்கு அரிசி எதுக்கு?

பொங்கலுக்கு வந்து அரிசி வேணாம்னு சொல்றதுக்கு ஒரு துணிச்சல் வேணும். பேராண்டி, உனக்கு அது நிறையவே இருக்குது. ஊரே புதுப்பானையைச் சுத்தி நின்னு பால் எந்தப் பக்கம் வழியுதுன்னு பார்க்கற நாளு அது. நீ ஓ.எம்.ஆர். ஆபீஸ்ல இருந்து போன் போட்டு, "தாத்தா, காணும் பொங்கலுக்கு சிநேகிதங்களை இட்டுகினு வரேன். வயித்துக்குள்ள பூரணம் அடைச்ச அயிட்டம் ஒண்ணு பெருசா செய்யணும். ஆனா பூரணத்துல தானியம் மட்டும் கூடாது"ன்னே. உங்க ஆயா பக்கத்துல இருந்து கேட்டுட்டு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஜிம்முக்குப் போறான், அதான் சீக்குன்னு சொல்லி அவளைச் சமாதானப்படுத்தி வெச்சிருக்கேன். அவளும் முறத்தை ஓரமா வெச்சுட்டா. இனிமே நான் சொல்றத்தைக் காதுல வாங்கிக்கோ. நடுவுல கூகுளைப் பார்க்காதே.

மொதல்ல எது தானியம்னு ஒரு முடிவுக்கு வா. உன் ஜிம்மு வாத்தியார் கணக்குல நெல்லு, கோதுமை, கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் தானியம். பேலியோக்காரங்க கணக்குல பருப்பும் பயறும்கூட வாசல்ல நிக்கணும். நம்ம கோயில் ஐயரைக் கேட்டியோ, தொலைஞ்சே. அவர் நவதானியத்துல உளுந்து, துவரை, கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை, எள்ளு எல்லாம் அடக்கம். சனீஸ்வரனுக்கு எள்ளு, குரு பகவானுக்குக் கடலைன்னு ஆளுக்கு ஒரு பங்கு எழுதி வெச்சாச்சு. ஜிம்மு வாத்தியாரையும் பகைச்சுக்காம, ஒன்பது கிரகத்தையும் பகைச்சுக்காம ஒரு பூரணம் வேணும்னா, அது தண்ணியிலதான் கிடைக்கும். நல்லவேளை, நீ பொறந்த ஊருக்கு ரெண்டு பக்கமும் தண்ணி.

கெழக்கால கடல், மேக்கால பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்புத்தண்ணி ஏரி நம்முளுதுதான். அதுல பெரும்பங்கு ஆந்திராவுல கிடக்குது, அது வேற கதை. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல இந்த மணல் திட்டு. அதுல ஒரு கலங்கரை விளக்கம், அதைச் சுத்தி நம்ம குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம்னு வரிசையா ஊருங்க. இந்த மணல்ல சவுக்கு நிக்கும், பனை நிக்கும், நெல்லு நிக்காது. நெல்லுன்னா பொன்னேரிப் பக்கம் போகணும். பாலமெல்லாம் வராத காலத்துல நம்ம கெழவிங்க கருவாட்டுக் கூடையோட படகுல ஏரியைத் தாண்டி, அங்க இருந்து நடையாவே போயி, ஊர் ஊரா நெல்லுக்கு மாத்திகினு வருவாங்க. தலைச்சுமையா வந்த அந்த நெல்லைக் குத்தி, புடைச்சு, அந்த அரிசியைக் கொண்டுபோயி மீன் வயித்துல அடைக்க அவங்களுக்கு இன்னா பைத்தியமா? அரிசி பானைக்கு. மீன் வயித்துக்கு இன்னொரு மீன். அவங்க யாரும் டயட்டுல இல்லை. சிக்கனத்துல இருந்தாங்க.

பூரணம்னு ஒண்ணு உலகத்துல எங்க இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். வீட்ல எது மலிவோ அது உள்ள போகும், எது ஒசத்தியோ அது வெளிய நின்னு பெருமை அடிச்சுக்கும். அமெரிக்காவுல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை நன்றித் திருநாள் கொண்டாடறாங்க இல்லை? வான்கோழி வயித்துல காய்ஞ்ச ரொட்டியைப் பிச்சுப் போட்டு, வெங்காயமும் வெண்ணெயும் சேர்த்து அடைக்கிறாங்க. கோதுமை விளையற சீமையில நேத்து மீந்த ரொட்டி இல்லாத வீடு ஏது? அங்க கடலோரமா இருந்தவங்க அந்த ரொட்டியோட சிப்பிச் சதையையும் சேர்த்து அடைச்சாங்க. அவங்க கரையில அன்னிக்கு சிப்பி அவ்வளவு மலிவு. நம்ம மலபார்ல கல்லுமக்காய் ஓட்டுக்குள்ள அரிசி மாவையும் தேங்காயையும் அடைச்சு அவிக்கிறாங்க. அதே மலபார் விருந்துல கோழி வயித்துல அவிச்ச முட்டையும் வதக்கின வெங்காய மசாலாவும் போயி உக்காரும். அதுல தேடினாலும் ஒரு மணி தானியம் கிடைக்காது.

பொன்னேரி காலேஜ்ல வரலாறு படிக்கிற உன் தங்கச்சி இன்னும் ஒரு சேதி சொன்னா. அபிசியஸ்னு பேர் போட்ட ரோமாபுரிக்காரங்க சமையல் புஸ்தகம் ஒண்ணு இருக்குதாம், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழசு. அதுல கணவா வயித்துக்குள்ள அவிச்ச மூளையை அரைச்சு, மிளகும் பச்சை முட்டையும் சேர்த்து அடைக்கச் சொல்லியிருக்குதாம். ரொட்டியும் இல்லை, மாவும் இல்லை. அந்த மிளகும் நம்ம தெக்கத்திச் சீமை மலையில விளைஞ்சு கப்பல் ஏறிப் போனது. நீ போன மாசம் காசு கட்டிக் கத்துகிட்ட புது டயட்டு எவ்வளவு புதுசுன்னு இப்பப் புரியுதா?

சிநேகிதங்க வரும்போது அப்படியே பழவேற்காட்டு டச்சுக்காரன் கல்லறையையும் காட்டு. 1613-ல இங்க கோட்டை கட்டி, கெல்ட்ரியான்னு பேர் வெச்சு, துணி வியாபாரம் ஆள் வியாபாரம் ரெண்டும் பண்ணவங்க அவங்க. கோட்டை மண்ணோட போச்சு, கல்லறை நிக்குது. அதோட வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க. மனுஷன் வாழ்க்கை நிலையில்லைன்னு சொல்ல வெச்சதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. எனக்கென்னவோ அது டயட்டை விடாம புடிச்சவன் படம்னு தோணுது.

சரி, வேலைக்கு வருவோம். பூரணத்துல தானியம் இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் அதை எடுத்துட்டு வேற ஆளைப் போட முடியும். அதுக்கு ரெண்டு வேலை. வேகும்போது கசியற சாறைக் குடிச்சு வெச்சுக்கறது ஒண்ணு. உதிராம எல்லாத்தையும் சேர்த்துப் புடிக்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டு வேலைக்கும் ஆள் இல்லாம வெறும் மசாலாவை அடைச்சியோ, அறுக்கும்போது பூரணம் தட்டுல ஓடும், நீ பின்னாடி ஓடணும்.

புடிக்கற வேலைக்கு இறால். பச்சை இறாலை ஓடு உரிச்சு, நடு முதுகுல ஓடற கறுப்பு நரம்பை எடுத்துட்டு, மூணு பங்கு பண்ணு. ரெண்டு பங்கை நறுக்கி வை. ஒரு பங்கை உப்புப் போட்டு உரல்ல இடி. மிக்ஸியில ஒரு சுத்து விட்டாலும் குத்தம் இல்லை, ஆனா சூடு ஏறவிடாதே. உப்பு பட்டதும் சதையில இருக்கிற புரதம் கரைஞ்சு வெளிய வந்து கையில பிசுபிசுன்னு ஒட்டும். அடுப்புல ஏறினதும் அதுவே இறுகி எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கும். ஜப்பான்காரங்க மீனை அரைச்சுக் கட்டி கட்டியா அவிச்சு கமபோகோன்னு விக்கிறதும் இந்த சூட்சுமத்துலதான். மேல ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா புடிமானத்துக்குப் புடிமானம், ருசிக்கு ருசி. சோளமாவு வேணாம், மைதா வேணாம், உன் ஜிம்மு வாத்தியார் விக்கிற டப்பாப் பவுடரும் வேணாம்.

சாறு குடிக்கற வேலைக்கு சுறா புட்டு. இதை உனக்கு நான் சொல்லணுமா? நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்குப் பால் ஊறணும்னு உங்க ஆயா ஓயாம அதைத்தான் செஞ்சு போட்டா. அந்த வாசனையிலேயே வளர்ந்தவன் நீ. பால் சுறாவை மஞ்சள் போட்டு அவிச்சு, மணல் கணக்கா இருக்கிற தோலை உரிச்சு, சதையை உதிர்த்து, தண்ணி போகப் பிழிஞ்சு, பூண்டு வெங்காயத்தோட வெறும் வாணல்ல புரட்டினா பொலபொலன்னு ஆயிடும். ரொட்டித் தூள் பண்ற வேலையை அது பண்ணும், கூலியும் கேட்காது. சுறா கிடைக்கலைன்னா முள்ளு இல்லாத எந்த மீன் சதையையும் அதே கதிக்கு ஆளாக்கலாம். கூடவே ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலை வெறும் வாணல்ல ஈரம் போக வறுத்துப் போட்டியானா சாறு எங்கேயும் ஓடாது.

இறால்னு சுலபமா சொல்லிட்டேன். அது வீட்டுக்கு வர்ற வழியையும் கேட்டுக்கோ. இறால் கடல்ல முட்டை போடும். குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்து, இந்த ஆழமில்லாத தண்ணியில மேய்ஞ்சு வளர்ந்து, பெருசானதும் மறுபடி கடலுக்குக் கிளம்பும். போறப்போ வழியில நம்ம வலை நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில ஆரணி ஆத்துத் தண்ணி வேகமா வந்து தள்ளினா முகத்துவாரம் திறந்து இருக்கும். வெயில் காலத்துல கடல் மண்ணை அள்ளிகினு வந்து வாயை மூடும். அப்ப குஞ்சும் உள்ள வராது, ஏரித் தண்ணியும் மாறாது. உலகத்துல எத்தனையோ அடைப்பு இருக்குது. இந்த ஒரு அடைப்பு மட்டும் நமக்கு ஆகாது. தை மாசம் முகத்துவாரம் நல்லா இருக்கிற நேரம். அந்த மட்டுக்கும் நீ விருந்துக்கு நாள் பார்த்தது சரிதான், உனக்குத் தெரியாமலே.

ஏரியிலயும் நினைச்சவன் நினைச்ச இடத்துல வலை கட்ட முடியாது. பாடுன்னு ஒரு முறை இருக்குது. இறால் ஓடற நல்ல இடமெல்லாம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம்னு ஊர் ஊரா முறை வெச்சு, குலுக்கல் போட்டுப் பிரிச்சுக்கறது. இன்னிக்கு உன் முறை, நாளைக்கு அவன் முறை. சொந்தக்காரன் வீட்டுப் பாடு எந்த நாளுன்னு விசாரிச்சு வெச்சுக்கோ. அன்னிக்கு அவன் வீட்டுப் பக்கமா யதேச்சையா நடந்து போ. குசலம் விசாரிக்கப் போனவன் கையில இறால் கொடுத்து அனுப்பறது நம்ம ஊர் மரியாதை. கேட்டு வாங்காதே, கேட்கிறாப்பல நில்லு.

இப்ப வெளிய நிக்கிற ஒசத்திக்கு வருவோம். என் ஓட்டு கடம்பாவுக்குத்தான், உங்க ஓட்டல்ல ஸ்க்விட்னு சொல்றாங்களே, அதுக்கு. ஒரு சாணுக்கு மேல நீளம் வேணாம். அரைக்கிலோவுக்கு எட்டுப் பத்து நிக்கிற அளவாப் பாரு. தோல் மினுமினுன்னு புள்ளி தெரிஞ்சா புதுசு. சிவந்து மங்கி இருந்தா அது உன்னை மாதிரி மெட்ராஸ் போயிட்டு வந்தது, விட்டுடு. தலையைப் புடிச்சு நிதானமா இழு. குடலும் மைப்பையும் கூடவே வந்துடும். அவசரப்பட்டா மைப்பை உடையும். அன்னிக்குன்னு பார்த்து நீ வெள்ளைச் சட்டை போட்டுகினு வந்திருப்பே. உள்ள விரலை விட்டா நிறமே இல்லாத வளையற முள்ளு ஒண்ணு தட்டும், உருவி எடு. மேல் தோலை உரி. தலையில கண்ணையும் அலகையும் வெட்டி எறிஞ்சுட்டு, காலுங்களைப் பொடியா நறுக்கிப் பூரணத்துக்கே வெச்சுக்கோ. எதையும் வீணாக்காதேன்னு சொல்றதுக்கு உங்க ஊர்ல தனியா வகுப்பு எடுக்கிறாங்களாமே, இங்க இலவசம்.

வாணல்ல நல்லெண்ணெய் ஊத்தி, அரை ஸ்பூன் சோம்பு, ஒரு பிடி சின்ன வெங்காயம், நாலு பல்லு பூண்டு, பச்சை மிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை எல்லாத்தையும் பொடியா நறுக்கி வதக்கு. கடம்பாக் காலையும் போட்டு அதோட தண்ணி சுண்டற வரைக்கும் விடு. மஞ்சள், ஒரு ஸ்பூன் இடிச்ச மிளகு. இறக்கி ஆறவை. ஆறவைன்னா ஆறவை; சூட்டோட இறாலைக் கொட்டினா அது உரல்ல பட்ட பாடெல்லாம் வீண், பசை அப்பவே வெந்துடும். ஆறினப்புறம் நறுக்கின இறால், இடிச்ச இறால், சுறா புட்டு ஒரு பிடி, வறுத்த தேங்காய், ஒரு முட்டை. கால் கிலோ இறால்னா இந்தக் கணக்கு சரியா இருக்கும். உப்பு ஏற்கெனவே இறால்ல இருக்குது, கடம்பாவுலயும் கடலோட உப்பு இருக்குது. பார்த்துப் போடு. ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து தோசைக்கல்லுல சுட்டு வாயில போட்டுப் பார்த்துட்டு அப்புறம் அடை.

அடைக்கும்போதுதான் உன் ஆபீஸ் புத்தி வெளிய வரும். கொஞ்சம் இடம் காலியா இருந்தா உனக்குப் பொறுக்காது. பேராண்டி, மூணுல ரெண்டு பங்குதான் நிரப்பணும். சூடு பட்டதும் கடம்பா சுருங்கும், இறால் இறுகும், முட்டை உப்பும். முழுசா அடைச்சியானா அடுப்புலயே வெடிச்சு எல்லாம் குழம்பாயிடும். வாயைத் தென்னை ஈர்க்குச்சியால ரெண்டு குத்து குத்தி மூடு. பல்லு குத்தற குச்சியும் ஆகும், ஆனா எத்தனை குத்தினேன்னு எண்ணி வெச்சுக்கோ. சாப்பிடறவங்க கண்டுபிடிக்கக் கூடாது.

அகலமான சட்டியில புளி கம்மியா, தக்காளி தாராளமா போட்டு ஒரு தொக்கு கூட்டி, அதுல கடம்பாவை ஒண்ணு பக்கத்துல ஒண்ணு படுக்கவெச்சு மூடி, சிறு தீயில விடு. கடம்பாவுக்கு ஒரு குணம் உண்டு. ரெண்டு மூணு நிமிஷத்துல இறக்கினா மெத்துனு இருக்கும். அதைத் தாண்டினா ரப்பர் மாதிரி முறுக்கிக்கும். அப்புறம் அரை மணி, முக்கால் மணி பொறுமையா வெந்தாத்தான் மறுபடி இளகும். உள்ள பச்சை இறாலும் முட்டையும் இருக்கும்போது ரெண்டு நிமிஷத்துல இறக்க முடியாது. ஆகவே நீளமான வழிதான் வழி. நடுவுல திறந்து திறந்து பார்க்காதே, அதுக்குள்ள போட்டோ எடுத்துப் போடவும் வேணாம்.

பூரணம் அடைச்ச எதுக்கும் வெளிய வேகறது பெருசு இல்லை, நடுவுல வேகணும். அமெரிக்காவுல வான்கோழிப் பூரணம் நடுவுல 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்கணும்னு அரசாங்கமே சொல்லி வெச்சிருக்குது. உன்கிட்ட அதுக்கு மெஷினு இருந்தா குத்திப் பாரு. மொத நாள் ராத்திரியே அடைச்சு வெச்சுட்டுக் காலையில வேக வெக்கற வேலையும் வேணாம். அடைச்ச கையோட அடுப்புல ஏத்து.

கடம்பா சரியா அமையலைன்னா சேத்து நண்டு. ஆனா அது சிங்கப்பூர் போற ஜாதி. உயிரோட, காலைக் கட்டி, பிளேன்ல போகும். விலையைக் கேட்டா நீயே காலைக் கட்டிகினு உக்காந்துடுவே. வாங்கறதா இருந்தா கால் கிட்ட ஓட்டை அமுக்கிப் பாரு. நசுங்கினா புதுசா ஓடு மாத்தின தண்ணி நண்டு, உள்ள சதை இருக்காது. வெளிய வயித்து மடிப்புல முட்டை ஒட்டிகினு இருக்கிற பொட்டை நண்டை எவன் வித்தாலும் வாங்காதே. அது கடலுக்குப் போக வேண்டியது. நண்டை அவிச்சு, சதையை நோண்டி எடுத்து, மிளகு வெங்காயத்தோட வதக்கி, முட்டை அடிச்சு ஊத்திக் கிளறி, திரும்ப அந்த ஓட்டுலயே வெச்சு ஆவி காட்டு. நோண்டற வேலையைச் சிநேகிதங்ககிட்ட விட்டுடு. கீபோர்டு தட்டற விரலுங்களுக்கு ஒரு நாளாவது உருப்படியா வேலை கிடைக்கட்டும்.

கூட வர்றவங்கள்ல கவுச்சி தொடாத புள்ளைங்க இருக்கும். இறால் நண்டுன்னா உடம்பு தடிக்கற புள்ளைங்களும் இருக்கும். முன்கூட்டியே கேட்டு வை. அதுல விளையாட்டு வேணாம். அவங்களுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய். வேர்க்கடலை, எள்ளு, தேங்காய், காய்ஞ்ச மிளகாய் வறுத்து அரைச்சு, நாலாக் கீறின பிஞ்சுக் கத்திரிக்காயில அடைக்கிறோமே, அதுல நெல்லு எங்க இருக்குது, கோதுமை எங்க இருக்குது? தமிழ்நாட்டுல வாரத்துக்கு ஒரு நாள் எவளோ ஒருத்தி சத்தமே இல்லாம தானியமில்லாத பூரணம் செஞ்சு இறக்கிகினுதான் இருக்கா. எள்ளைப் பத்தி ஐயர் ஏதாச்சும் கேட்டா சனிக்கிழமை விளக்குப் போட்டுடலாம்.

இனிமே சொல்றதுல கிண்டல் கிடையாது. கோதுமை உள்ள போனாலே குடல் கெட்டுப்போற சீலியாக் நோய்க்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு அரிசி ஆகும். கோதுமை, பார்லி, ரை ஒரு துளியும் ஆகாது. அப்படி ஒருத்தர் பந்தியில இருந்தா கடைப் பெருங்காயத்தைத் தொடாதே. கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் ரெண்டுலயும் பெரும்பாலும் மைதா கலந்துதான் வருது, டப்பா பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான். கடையில விக்கிற நண்டுக் குச்சியில நண்டைவிட மாவு அதிகம் பேசும். சோயா சாஸ்ல கோதுமை உண்டு. நம்ம வீட்டுக் குழம்பு மிளகாய்த் தூள்லகூட உங்க ஆயா ஒரு பிடி அரிசி வறுத்துப் போட்டுத்தான் அரைச்சிருக்கா. அது சீலியாக்காரங்களுக்கு ஆகும், உன் தானியமில்லாத கணக்குக்கு ஆகாது. அதனால அன்னிக்குத் தனி மிளகாய், தனி மல்லி வெச்சுக்கலாம்.

சக்கரைக்குப் பயந்து தானியத்தை விட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவுல பெரியவங்கள்ல 100-க்கு 11 பேருக்கு மேல சக்கரை நோய்னு 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிச்சு. பயம் நியாயந்தான். ஆனா தானியம் இல்லைன்னு பெருமையா சொல்லிகினு பூரணத்துல மரவள்ளியும் ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் அடைச்சா, ரத்தத்துக்குப் போற சக்கரை நெல்லு வீட்டுதா கிழங்கு வீட்டுதான்னு உள்ள யாரும் கோத்திரம் விசாரிக்கிறது இல்லை. இறாலும் முட்டையும் தேங்காயும் போதும்னு நான் சொல்றது அதனாலதான். மாத்திரை போட்டுகினு இருக்கிறவங்க திடீர்னு சோத்தை நிறுத்தறதா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தட்டும். என்கிட்ட சொன்னா நான் இன்னொரு கடம்பாதான் வெப்பேன்.

கடைசியா காசு விஷயம். மலிவு உள்ள, ஒசத்தி வெளியன்னு ஒரு சட்டம் சொன்னேன் இல்லை? அந்தச் சட்டம் இப்பத் தலைகீழா நிக்குது. 2011 ஜூன் மாசத்துல இருந்து ரேஷன் அரிசி இலவசம். அன்னிக்கு எங்க வீட்ல வீசி எறியற அளவுக்குக் கிடந்த பொடி இறாலுக்கு இன்னிக்கு ஏலம். 2022-23-ல மட்டும் இந்த நாட்டுல இருந்து 63,969 கோடி ரூபாய்க்குக் கடல் சரக்கு வெளிய போச்சு. அதுல மூணுல ரெண்டு பங்கு இறால். அதிகமா வாங்கினவன் அமெரிக்காக்காரன். பாதிக்கு மேல பண்ணையில வளர்ந்ததுதான், ஆனா விலை ஏறும்போது ஏரி இறாலும் கூடவே படியேறிடுது. ஆக, அந்தக் காலத்துல அரிசி வாங்க வக்கில்லாதவன் வீட்டுப் பூரணம் இன்னிக்கு அரிசி வேணாங்கற வசதிக்காரன் வீட்டுப் பூரணமாயிடுச்சு. உங்க கொள்ளுப்பாட்டி கேட்டிருந்தா சிரிச்சிருப்பா, இல்லைன்னா அந்த இறாலையெல்லாம் அப்பவே கருவாடு போட்டு உனக்கு வித்திருப்பா.

நீ இறாலை சூப்பர் மார்க்கெட்டுல பனிக்கட்டியோட எடை போட்டு வாங்காதே. ஏரியில இருளர் பொம்பளைங்க இடுப்பளவுத் தண்ணியில உக்காந்த வாக்குல நகர்ந்து, சேத்தைக் கையால தடவித் தடவி இறால் புடிக்கிறாங்க. ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சுகினு, புடிச்சது ஒவ்வொண்ணா அதுல போடுவாங்க. வலையும் இல்லை, பாடும் இல்லை. சாயங்காலம் கரையேறும்போது அவங்ககிட்ட வாங்கு. ஜிம்மு வாத்தியார் கேட்ட காசை மறுபேச்சு பேசாம போன்லயே தட்டி விடற நீ, இங்க வந்து கால் கிலோ இறாலுக்குப் பத்து ரூபா குறைச்சுக்கோன்னு நின்னேன்னு தெரிஞ்சுது, அந்தப் பத்து ரூபாய்க்கு உங்க ஆயா உன்னை விளக்குமாத்தால எடை போடுவா. பூரணத்துல அரிசி இல்லாம இருக்கலாம் பேராண்டி. அந்தப் பொம்பளை வீட்டுப் பானையில இல்லாம போகக் கூடாது. அவ சொல்ற விலையைக் கொடுத்துட்டு வா.